மண் மாறினால் மாவீரன் மாறுவானா?

கோடை விடுமுறையில் பங்குகளில் நடைபெறும் விவிலியப் பள்ளிகளில் கற்பிப்போர் ஒருமுறையேனும் எதிர்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. "சூப்பர்மேன் பெரியவரா, இயேசு சாமி பெரியவரா?" என்று ஒரு சிறுவன் எழுந்து நின்று கேட்பான். மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். கற்பிப்பவரும் சிரித்துவிட்டு, "இயேசு சாமிதான் பெரியவர், உட்கார்" என்று சொல்லிப் பாடத்தைத் தொடர்வார். நாமும் அவ்வாறு உட்கார வைத்ததுண்டு. ஆனால் வீடு திரும்பும் வழியில் அக்கேள்வி நம்மை விடவில்லை. பெருமை என்பது என்ன? வலிமைதான் பெருமை என்றால், மலைகளைத் தூக்கும் வீரனுக்கும் சிலுவையைத் தூக்க முடியாமல் வழியில் விழுந்தவருக்கும் இடையே அந்தச் சிறுவன் யாரைத் தேர்ந்துகொள்வான்? வெறும் "உட்கார்" என்பது அவனுக்கு விடையாகாது.

அந்த விடையைத் தேடும் வழியில் சில சித்திரக்கதைகளை ஆராய விழைகிறோம். திருச்சபையின் இலக்கிய இதழில் காமிக்ஸுக்கு இடமா என்று முகம் சுளிக்க வேண்டாம். நம் பிள்ளைகள் எதைப் படிக்கிறார்களோ, எதைத் திரையில் பார்க்கிறார்களோ, அதுவே அவர்கள் உள்ளத்தில் வீரம் என்பதன் உருவத்தை வரைகிறது. நம் உள்ளத்தில் வரைந்ததும் அதுவே அன்றோ!

நம் தலைமுறைக்குச் சித்திரக்கதை அந்நியமன்று. 1972-இல் சிவகாசியிலிருந்து வெளிவந்த முத்து காமிக்ஸின் முதல் இதழிலேயே இரும்புக்கை மாயாவி நம்மை ஆட்கொண்டான். 1962-இல் இங்கிலாந்தின் வேலியண்ட் வார இதழில் பிறந்த அவன், தமிழ் பேசத் தொடங்கியதும் நம் ஊர்ப் பேருந்து நிலையத்துக் கடைகளில் கயிற்றில் தொங்கலானான். 1984-இல் தொடங்கிய லயன் காமிக்ஸ் வழியாக ஸ்பைடர் வந்தான். குற்றவாளிகளுக்கெல்லாம் மன்னனாக எண்ணிப் புறப்பட்டு, பின்னர்க் குற்றவாளிகளையே வேட்டையாடிய விந்தை மனிதன் அவன். அந்த ஸ்பைடரின் கதைகள் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல். 1938-இல் சூப்பர்மேனைப் படைத்த இருவருள் ஒருவரும் அவரே. அறியாமலேயே நாம் ஒரே கையின் இரு படைப்புகளைப் படித்து வளர்ந்திருக்கிறோம்.

மாற்று வரலாறு என்னும் விளையாட்டு

சீகலும் அவருடைய நண்பர் ஜோ ஷஸ்டரும் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் வாழ்ந்த யூத இளைஞர்கள். புலம்பெயர்ந்து வந்த பெற்றோரின் பிள்ளைகள். தங்கள் கதைத்தலைவனின் உரிமையை அவர்கள் 130 டாலருக்கு விற்றுவிட்டனர். அழியப்போகும் கோளிலிருந்து தந்தை ஒருவர் தம் குழந்தையைச் சிறு விண்கலத்தில் வைத்து அனுப்புகிறார். அது அமெரிக்க மண்ணில் விழுகிறது. எளிய தம்பதியர் அக்குழந்தையை எடுத்து வளர்க்கின்றனர். நாணற்பேழையில் நைல் நதியில் விடப்பட்ட மோசேயின் கதையை இதில் காண்பவர் பலர். அகதிகளின் பிள்ளைகள் புனைந்த அகதிக் குழந்தையின் கதை இது என்பதில் ஐயமில்லை.

இத்தகைய வீரர்களை வேறு நாட்டில், வேறு காலத்தில், நடந்தேறாத ஒரு வரலாற்றில் இறக்கிப் பார்ப்பது பின்னாளில் ஒரு தனி வகையாகவே வளர்ந்தது. 1989-இல் பேட்மேன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் எரிவாயு விளக்கு வெளிச்சத்தில் உலவினான். 1991-இல் வெளிவந்த 'ஹோலி டெரர்' என்னும் கதையில், 1658-இல் இறந்த ஆலிவர் கிராம்வெல் இறவாமல் மேலும் பத்தாண்டுகள் வாழ்ந்ததாகவும், அதன் விளைவாகச் சமயத்தின் பெயரால் ஆளும் கொடிய அரசு அமெரிக்காவில் நிலைத்ததாகவும் கற்பனை செய்தனர். அங்கே பேட்மேன் குருப்பட்டம் பெறவிருந்த ஓர் இளைஞன்! அது பியூரிட்டன் மரபினரின் அரசுதானே என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. சமயம் வாளை ஏந்தினால் என்ன நேரும் என்ற எச்சரிக்கை எல்லாத் திருச்சபையினருக்கும் பொதுவானது.

இந்த விளையாட்டுக்கு ஒரு பயன் உண்டு. நாற்றைப் பிடுங்கி வேறு வயலில் நட்டால்தான் அதன் வேர் எவ்வளவு ஆழம் என்பது தெரியும். ஒரு வீரனிடம் மண் தந்தது எது, அவனுக்கே உரியது எது என்பதை இடமாற்றம் பிரித்துக் காட்டுகிறது.

நம்மிடம் உள்ள உரைகல்

இக்கலை நமக்குப் புதிதா? இல்லவே இல்லை. 1726-இல் வீரமாமுனிவர் இயற்றிய தேம்பாவணியை எண்ணிப் பார்ப்போம். நாசரேத்தூரின் தச்சரான புனித சூசையப்பரை வளன் என்னும் தமிழ்ப்பெயருடன் 3,615 பாடல்களுக்குத் தலைவராக்கினார் அந்த இத்தாலிய முனிவர். யூதேயா நாடு அவருடைய நாட்டுப் படலத்தில் நெல்லும் கரும்பும் வாழையும் செழிக்கும் மருதநிலமாகிவிடுகிறது. வறண்ட குன்றுகளின் நாட்டில் காவிரிக்கரையின் வளம்! வரைபடத்தை வைத்துப் பார்ப்பவர் பிழை என்பார். காப்பியத்தை வைத்துப் பார்ப்பவர் அதன் நயம் அறிவார்.

முனிவர் மாற்றாமல் விட்டது எது என்பதே நமக்கு இங்கு முதன்மையானது. காப்பியத் தலைவனுக்குத் தேரும் படையும் வெற்றிமாலையும் வேண்டும் என்பது மரபு. அவரோ தம் தலைவரைத் தச்சராகவே வைத்தார். கேட்டதற்குக் கீழ்ப்படிந்தவர், தமக்கு உரிமையில்லாத குழந்தையைத் தம் உயிரினும் மேலாகக் காத்தவர் என்னும் அந்த உள்ளீடு சிதையவில்லை. நிலம் தமிழாயிற்று, சூசையப்பர் சூசையப்பராகவே நின்றார். மாற்றிப் படைத்தலின் நேர்மையை அளக்க நமக்கு இதுவே உரைகல். மண்ணை மாற்றிய பின் எது மிஞ்சியது? புதிய மண் அவனைப் பற்றிப் புதிதாக எதைச் சொல்லிற்று? இவ்விரு கேள்விகளோடு இரண்டு படைப்புகளை அணுகுவோம்.

வேட்டி கட்டிய சிலந்தி மனிதன்

முதலாவது நம் நாட்டுக் கதை. 1962-இல் அமெரிக்காவில் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் படைத்த ஸ்பைடர்மேனை 2004-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தனர். (லயன் காமிக்ஸின் ஸ்பைடர் வேறு, இவன் வேறு.) சரத் தேவராஜன், சுரேஷ் சீதாராமன், ஓவியர் ஜீவன் காங் ஆகியோர் நான்கு இதழ்களில் இக்கதையை உருவாக்கினர். பீட்டர் பார்க்கர் இங்கே பவித்ர் பிரபாகர். சிற்றூரிலிருந்து உதவித்தொகை பெற்று மும்பைக்குப் படிக்க வந்த ஏழைச் சிறுவன். பென் மாமா பீம் மாமாவாகவும், மே அத்தை மாயா அத்தையாகவும் மாறினர். நீலமும் சிவப்புமான உடைக்குக் கீழே வேட்டி!

இதில் மனத்தைத் தொடும் இடம் ஒன்று உண்டு. நகரத்துப் பிள்ளைகள் பவித்ரின் வேட்டியை ஏளனம் செய்கின்றனர். அரூரிலிருந்தும் பென்னாகரத்திலிருந்தும் கல்லூரிக்கெனப் பெருநகரம் சென்ற நம் பிள்ளைகள் தங்கள் பேச்சுக்காகவும் உடைக்காகவும் குறுகி நின்ற நாள்களை அது நினைவூட்டுகிறது. அந்த வெட்கத்தை ஆசிரியர்கள் மேலும் தோண்டியிருந்தால் இந்த மண்ணுக்கே உரிய கதை ஒன்று கிடைத்திருக்கும். ஆனால் அவர்கள் அவசரப்படுகின்றனர். அமெரிக்கக் கதையில் கதிரியக்கம் ஏறிய சிலந்தி கடித்ததால் ஆற்றல் வருகிறது. இங்கே ஒரு யோகி தோன்றி ஆற்றலை அருளுகிறார். அங்கே அறிவியலால் கெட்ட வில்லன், இங்கே அரக்கன். அமெரிக்காவுக்கு ஆய்வுக்கூடம், இந்தியாவுக்கு மாயமந்திரம் என்னும் பழைய பங்கீட்டை இந்தியர்களே ஏற்றுக்கொண்டது வருந்தத்தக்கது. பெயர்களும் வண்ணங்களும் மாறினவேயன்றிக் கதையின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. 2023-இல் வெளிவந்த அசைபடத்தில் இதே பவித்ர், மும்பையும் மன்ஹாட்டனும் கலந்த நகரமொன்றில் உற்சாகமாகத் தாவித் திரிந்தான். அங்கும் நாம் கண்டது வண்ணமே.

ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஆற்றல் பெற்ற பவித்ர் ஒரு பெண்ணின் அபயக் குரலைக் கேட்டும் தனக்கென்ன என்று விலகிப் போகிறான். எந்த ஆற்றலும் இல்லாத பீம் மாமா அவளுக்குத் துணை நிற்கப் போய் உயிரை இழக்கிறார். சுவர்களில் ஏறும் மருமகன் அந்தக் கணத்தில் வீரன் அல்லன். வெறுங்கையோடு நின்ற மாமாவே வீரர். கதையின் மீதிப் பக்கங்கள் இதை மறந்துவிடலாம். நாம் மறக்க வேண்டாம். மீண்டும் இதற்குத் திரும்பி வருவோம்.

உக்ரைனில் விழுந்த விண்கலம்

இரண்டாவது படைப்பு அதினும் கனமானது. 2003-இல் மூன்று பாகங்களாக வெளிவந்த 'சூப்பர்மேன்: ரெட் சன்'. எழுதியவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மார்க் மில்லர். வரைந்தவர்கள் டேவ் ஜான்சன், கிலியன் பிளங்கெட். 2020-இல் இது அசைபடமாகவும் வந்தது. அந்த விண்கலம் அமெரிக்காவில் விழாமல் சோவியத் உக்ரைனின் கூட்டுப்பண்ணை ஒன்றில் விழுந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதே கேள்வி. மார்பில் அரிவாளும் சுத்தியலும் பொறித்த சூப்பர்மேன் ஸ்டாலினின் அரசுக்குப் பெருமையாக வளர்கிறான்.

மலிவான எழுத்தாளராயின், இடம் மாறியதும் நல்லவன் கெட்டவனாகிவிட்டான் என்று எழுதியிருப்பார். மில்லர் அவ்வாறு செய்யவில்லை. அவருடைய சூப்பர்மேன் இங்கும் இரக்கமுள்ளவன், பொய் பேசாதவன், யாருக்கு ஆபத்து என்றாலும் பறந்து செல்பவன். நம் முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது: நல்லுள்ளம் மிஞ்சியிருக்கிறது. அச்சம் தருவது இரண்டாம் கேள்விக்கான விடைதான். அந்த நல்லுள்ளமே உலகைச் சிறையாக்குகிறது!

அது நிகழும் முறையைக் கவனிப்போம். ஸ்டாலின் இறந்தபின் ஆட்சியை ஏற்குமாறு அழைக்கப்பட்டபோது அவன் மறுத்துவிடுகிறான். பின்னர், ரொட்டிக்காக வரிசையில் பசியோடு காத்திருக்கும் தன் சிறுவயதுத் தோழி லானாவையும் பிள்ளைகளையும் காண்கிறான். இவர்களுக்கு உணவு தரும் வலிமை என்னிடம் இருக்க நான் ஏன் ஒதுங்கி நிற்க வேண்டும்? இந்த ஒரு கணத்தில் முடிவு பிறக்கிறது. ஆண்டுகள் செல்கின்றன. பசி போகிறது, விபத்து இல்லை, வேலையற்றோர் இல்லை. அமெரிக்காவையும் சிலி நாட்டையும் தவிர உலகம் முழுவதும் அவன் குடைக்கீழ் வருகிறது. வானத்திலிருந்து அவன் எல்லாவற்றையும் காண்கிறான், எல்லாவற்றையும் கேட்கிறான். எதிர்த்தவர்களின் மூளையில் அறுவை செய்து அவர்களை ஏவல் செய்யும் பொறிகளாக்கிவிடுகின்றனர். அவன் யாரையும் வெறுக்கவில்லை; எல்லாரையும் காக்கவே விரும்பினான்.

ஆண்டவர் இயேசு பாலைநிலத்தில் மும்முறை சோதிக்கப்பட்டதை இங்கே நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. கற்களை அப்பமாக்கு என்பது முதல் சோதனை. கோவில் உச்சியிலிருந்து குதித்து எல்லாரையும் வியக்க வை என்பது அடுத்தது. உலகின் அரசுகள் அனைத்தும் உனக்கே என்பது மூன்றாவது. பசித்த லானாவின் முன் முதல் சோதனை. வானில் பறந்து மக்களை அண்ணாந்து பார்க்க வைத்ததில் இரண்டாவது. உலக ஆட்சியில் மூன்றாவது. சூப்பர்மேன் மூன்றிலும் விழுகிறான். ஒவ்வொரு முறையும் அன்பினாலேயே விழுகிறான் என்பதுதான் இந்நூலின் கூர்மை. சோதனை எப்போதும் தீமையின் முகத்தோடு வருவதில்லை. பசித்த குழந்தையின் முகத்தோடும் வரும். பசித்தோருக்கு உணவளிப்பது நம் கடமையே. ஆண்டவரும் அப்பத்தைப் பலுகச் செய்தார். ஆனால் உண்ட மக்கள் தம்மை அரசராக்க முற்பட்டபோது அவர் தனியே மலைக்கு விலகிப் போனார். சூப்பர்மேன் விலகிப் போகவில்லை. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

முடிவுப் பகுதியில் அவனை வீழ்த்துவது குண்டோ வாளோ அன்று. ஸ்டாலின்கிராட் நகரம் ஒருகாலத்தில் பகைவனால் சுருக்கப்பட்டுக் கண்ணாடிக் குப்பிக்குள் அடைபட்டுப் போயிற்று. அந்நகரை மீட்க இயலாதது சூப்பர்மேனின் நெஞ்சில் ஆறாத புண். எதிரி லூத்தர் ஒரு தாளில் ஒரே வாக்கியம் எழுதி அனுப்புகிறான். உலகம் முழுவதையுமே குப்பிக்குள் அடைத்துவிட வேண்டியதுதானே என்பது அதன் பொருள். படித்த மாத்திரத்தில் அந்த மாவீரன் உடைந்துபோகிறான். தான் இத்தனை ஆண்டுகள் செய்ததும் அதுவே என்பது விளங்கிவிடுகிறது. இறுதியில் அவன் வெடிக்கவிருந்த பகைவனின் கலத்தை விண்வெளிக்குச் சுமந்து சென்று பூமியைக் காக்கிறான். இறந்துவிட்டான் என உலகம் நம்புகிறது. அவனோ யாரும் அறியாத எளிய மனிதனாகக் கூட்டத்தில் கலந்து வாழத் தொடங்குகிறான். அரியணையில் இருந்தபோது அல்ல, அதை விட்டபோதுதான் அவன் நம் மதிப்பில் உயர்கிறான்.

நூல் காணத் தவறிய உக்ரைன்

இவ்வளவு போற்றியபின் குறையையும் சொல்லியாக வேண்டும். ஒரு மண்ணில் கதையை நடுபவர் அந்த மண்ணின் கண்ணீரை அறிந்திருக்க வேண்டும். 1932-33-ஆம் ஆண்டுகளில் சோவியத் உக்ரைனில் தானியம் பறிக்கப்பட்டு இலட்சக்கணக்கானோர் பட்டினியால் மடிந்தனர். கூட்டுப்பண்ணைகளின் வரலாறும் அந்தப் பஞ்சத்தின் வரலாறும் பிரிக்க முடியாதவை. அத்தகைய பண்ணை ஒன்றில் வளரும் பிள்ளையின் கதை அப்பஞ்சத்தின் கனத்தைச் சுமக்கவில்லை. மில்லருக்கு உக்ரைன் ஒரு நாடகத் திரையாக மட்டுமே தேவைப்பட்டிருக்கிறது.

கத்தோலிக்கரான நமக்கு இன்னொரு வெற்றிடமும் தெரிகிறது. மெய்யான வரலாற்றில் அந்நாட்டுக்கு ஒரு வீரர் இருந்தார். உக்ரைன் கிரேக்க கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவர் யோசிப் ஸ்லிப்பி 1945-இல் கைது செய்யப்பட்டார். மறு ஆண்டே அவருடைய திருச்சபை சட்டத்துக்குப் புறம்பானதாக ஆக்கப்பட்டது. பதினெட்டு ஆண்டுகள் சிறைகளிலும் சைபீரியாவின் உழைப்பு முகாம்களிலும் கழித்து, 1963-இல், திருத்தந்தை 23-ஆம் யோவானின் முயற்சியால் விடுதலை பெற்றார். அவரால் பறக்க முடியவில்லை. தம் கைவிலங்கைக்கூட முறிக்க முடியவில்லை. ஆனால் ஒரு கையொப்பத்தால் தம் மந்தையை மறுதலித்து விடுதலை பெறுவதற்கு அவர் இசையவில்லை. எல்லாம் செய்ய வல்லவனால் காக்க முடியாத ஒன்றை, ஒன்றும் செய்ய இயலாதவர் காத்தார். அதன் பெயர் மனச்சான்றின் உரிமை. அந்த மண்ணிலிருந்து எழுந்திருக்கக்கூடிய மிகச் சிறந்த எதிர்ப்பாத்திரம் இத்தகையவரே. நூலிலோ எதிர்ப்பவர்கள் முகமூடி அணிந்த பேட்மேனும் மூளைவலிமை மிக்க லூத்தருமே. வலிமையை எதிர்க்க இன்னொரு வலிமை என்பதற்கு அப்பால் நூலாசிரியரின் கற்பனை செல்லவில்லை.

தகடூர் மண்ணில் விழுந்திருந்தால்?

இதே விளையாட்டை நாமும் ஆடிப் பார்ப்போம். அந்த விண்கலம் நம் தருமபுரி மாவட்டத்துக் கேழ்வரகுக் கொல்லை ஒன்றில் விழுந்திருந்தால்?

இந்த மண் பழங்காலத்தில் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் நாடு. வீரம் என்றதும் நம் மக்கள் நினைவில் நிற்பது அவன் வென்ற போர்களா? அரிதின் முயன்று பெற்ற நெல்லிக்கனியை, நீண்ட வாழ்வு தரவல்ல அந்தக் கனியை, அதன் பயனைச் சொல்லாமலே ஒளவைக்கு உண்ணக் கொடுத்தானே, அந்தக் காட்சியன்றோ! பின்னர்ச் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறையால் தகடூர் வீழ்ந்தது. கனியைத் தானே உண்டிருந்தால் அதியமான் நம் நாட்டின் அழியா வீரனாகியிருப்பான். கொடுத்ததனால் அவன் அழிந்தான். கொடுத்ததனாலேயே அழியாமல் இருக்கிறான். நம் மண் தன் வீரனுக்கு வகுத்த இலக்கணம் இது.

பழங்கதையோடு நின்றுவிடுவது எளிது. அண்மைக் காலத்தையும் பார்க்க வேண்டும். 1992 ஜூன் 20-ஆம் நாள், அரூருக்கு அப்பால் சித்தேரி மலையடிவாரத்திலுள்ள வாச்சாத்தி என்னும் பழங்குடி மக்களின் சிற்றூருக்குள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையைச் சேர்ந்தோர் திரளாகப் புகுந்தனர். பதுக்கிய சந்தன மரத்தைத் தேடுகிறோம், காட்டைக் காக்கிறோம் என்பதே சொல்லப்பட்ட காரணம். வீடுகள் சூறையாடப்பட்டன; முதியோரும் பிள்ளைகளும் அடிபட்டனர்; 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாயினர். அந்த நாளில் வானத்திலிருந்து எவரும் பறந்து வரவில்லை. அபயக் குரல் கேட்டு விலகிச் சென்ற பவித்ரைப் போல நாடே பாராமுகமாய் இருந்தது.

பிறகு நடந்ததை எண்ணிப் பாருங்கள். எழுத்தறிவும் பணமும் செல்வாக்கும் இல்லாத அப்பெண்கள் நீதிமன்றத்துக்குச் சென்றனர். அவர்களுக்குத் துணையாக மலைவாழ் மக்கள் சங்கத்தினரும், மார்க்சிஸ்ட் கட்சியினரும், வழக்கறிஞர்களும் நின்றனர். செங்கொடியின் பெயரால் உலகைச் சிறையாக்கிய கற்பனை வீரனைப் பற்றி எழுதும் நாம், செங்கொடி ஏந்திய மெய்யான மனிதர்கள் நம் மாவட்டத்தில் எளியோரின் பக்கம் நின்றதையும் நன்றியோடு சொல்லக் கடமைப்பட்டவர்கள். தங்களுக்கு நேர்ந்ததைத் திரும்பத் திரும்ப அந்நியர் முன் சொல்ல வேண்டிய வேதனையை அப்பெண்கள் ஆண்டுக்கணக்கில் தாங்கினர். 2011 செப்டம்பர் 29-இல் தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகளே என்று தீர்ப்பளித்தது. அதற்குள் அவர்களுள் 54 பேர் இறந்துபோயிருந்தனர். 2023 செப்டம்பர் 29-இல் சென்னை உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. முப்பத்தோராண்டுகள்!

சூப்பர்மேன் இருந்திருந்தால் ஒரு நொடியில் தடுத்திருப்பானே என்று உள்ளம் ஏங்குகிறது. அந்த ஏக்கம் தவறன்று; திருப்பாடல்களின் ஆசிரியரும் ஆண்டவரே எதுவரை என்று கதறியவரே. எனினும் ஒன்றை மறக்கலாகாது. வாச்சாத்திக்குள் நுழைந்தவர்களும் காக்க வந்தவர்கள் என்ற பெயரோடுதான் நுழைந்தனர். மக்களைக் கேளாமல், மக்களுக்கு விடை சொல்லக் கடமைப்படாமல் வரும் வலிமை, அது எந்தச் சீருடையில் வந்தாலும், குப்பியைக் கையில் வைத்துக்கொண்டே வருகிறது. அதை உடைத்தது இன்னொரு பெருவலிமை அன்று. அஞ்சாமல் சொல்லப்பட்ட உண்மை. பீம் மாமாவின் வெறுங்கையும் ஸ்லிப்பியின் மௌனமும் இந்த மலையடிவாரத்துப் பெண்களின் சாட்சியமும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை.

சிறுவனுக்கு விடை

நம் இல்லங்களிலும் சிறு சிறு சூப்பர்மேன்கள் உண்டு. மகளின் நன்மைக்கே என்று அவள் விருப்பம் கேளாமல் திருமணம் முடிக்கும் தந்தை, எல்லாம் தம் கையால் நடந்தால்தான் நன்றாக நடக்கும் என்று பங்குப்பேரவையில் பிறர் வாயைத் திறக்கவிடாத பெரியவர், பிள்ளை விழுந்துவிடக் கூடாதென்று நடக்கவே விடாத தாய் ஆகியோர் அன்பில்லாதவர்கள் அல்லர். அன்பினால் குப்பி செய்பவர்கள். தேர்தல் தோறும் ஒரு தனிமனிதர் வந்து எல்லாவற்றையும் சீராக்கிவிடுவார் என்று காத்திருக்கும் நாமும் அக்குப்பிக்குள் நாமாகவே நுழைய விரும்புபவர்கள்தாம்.

திருத்தூதர் பவுல் பிலிப்பியருக்கு எழுதிய மடலில் இறைமகனின் வழியைச் சொல்கிறார். இறைத்தன்மையை இறுகப் பற்றிக்கொள்ளாமல், தம்மை வெறுமையாக்கி அடிமையின் வடிவை ஏற்ற வழி அது. வானத்திலிருந்து நம் மண்ணில் இறங்கியவர் என்ற அளவில் சித்திரக்கதை வீரனும் அவரும் ஒப்புமை உடையவர்போலத் தோன்றலாம். ஒருவன் மண்ணில் விழுந்தபின் மனிதரைவிட உயர்ந்து பறக்கிறான். மற்றவர் மண்ணில் பிறந்தபின் மனிதருள் கடையரின் இடம்வரை தாழ்கிறார். எந்த நாட்டில், எந்தக் காலத்தில் நட்டாலும் அந்த வேர் மாறுவதில்லை. யூதேயாவைத் தமிழ் மருதமாக்கிய வீரமாமுனிவர் அதை அறிந்திருந்தார்.

அடுத்த கோடையில் அந்தச் சிறுவன் மீண்டும் எழுந்து கேட்டால், இம்முறை அவனை உட்காரச் சொல்லப் போவதில்லை. "தம்பி, சூப்பர்மேனுக்கு உன்னைத் தூக்கிக்கொண்டு பறக்கத் தெரியும். இயேசு சாமிக்கு உன் பக்கத்தில் நடக்கத் தெரியும். நீ விழுந்தால் அவரும் உன்னோடு விழுவார்; எழும்போது உன்னையும் எழுப்புவார். இப்போது நீயே சொல், யார் பெரியவர்?" என்று கேட்போம். அவன் உடனே விடை சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. எண்ணிப் பார்க்க அவனுக்கு நேரம் கொடுப்போம். அந்த உரிமையை ஆண்டவரே அவனிடமிருந்து பறிக்கவில்லையே!